காந்திமதி என்கிற புஷ்பா

பேரு என்னன்னு கேட்டேன், ஒண்ணுதான் சொல்லுதீங்க. வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்க, அதையும் சொல்லுங்க. சிரிக்காதீங்க அண்ணாச்சி, பழக்கதோசம். நான் போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். ரைட்டர்னா கதை எழுதுறவன் இல்ல, கேஸ் எழுதுற ஏட்டு. எதுக்கால வந்து நிக்கவன் யாரா இருந்தாலும் ரெண்டாவது பேரைக் கேக்காம எனக்குப் பேனா ஓடாது.

பஸ்ல எடம் இருக்கு, நல்லா சாஞ்சு உக்காருங்க. பையை நான் மடியில வச்சிக்கிடுதேன். பையில ஒண்ணும் இல்ல, எள்ளு, பச்சரிசி, வாழைக்காய், கொஞ்சம் பூ. நீங்களும் பாபநாசம்தானா? நல்லதாப் போச்சு. எனக்கு அங்கன படித்துறையில வேலை. வீட்டுக்காரிக்குத் தலைத்திவசம். ஆமா, போன ஐப்பசியில போயிட்டா. இருக்கட்டும் இருக்கட்டும், நீங்க என்ன செய்வீங்க.

உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும். முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்டதான் கேக்க முடியும், தெரிஞ்சவனெல்லாம் ஆளுக்கு ஒரு கட்சி கட்டிட்டான். விசயம் இதுதான். படித்துறையில உக்கார வச்சி ஐயரு பேரைக் கேப்பாரு. போனவங்க பேரைச் சொல்லி மூணு தடவை கூப்பிடச் சொல்லுவாரு. கூப்பிட்டாத்தான் அவங்க வந்து சாப்பிடுவாங்க. எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட? பாபநாசம் போய்ச் சேருறதுக்குள்ள எனக்கு ஒரு முடிவு தெரியணும். எம் மக சங்கரி பெங்களூர்ல இருந்து வந்து அங்கன நிக்கா. "நீங்க மறுபடியும் அந்தப் பேரைச் சொன்னீங்கன்னா நான் படியில இறங்க மாட்டேன்ப்பா"ன்னு போன்ல சொல்லிட்டா. ஒத்த மக. அவளும் இறங்காட்டா நான் யாரை வச்சிக்கிட்டுச் செய்ய?

முதல்ல இருந்து சொல்லுதேன், அப்பத்தான் உங்களுக்குப் பிடிபடும்.

எங்க ஸ்டேஷன்ல 'என்கிற'ன்னு ஒரு வார்த்தை உண்டு. பாத்திருப்பீங்க, பேப்பர்லயும் வரும். மாடசாமி என்கிற புரோட்டா மாடசாமி. இசக்கி என்கிற டைனமோ. ஒருத்தனுக்கு ஊர்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு. கோர்ட்ல ஏத்தினா, "ஐயா இதுல போட்டிருக்கது நான் இல்லய்யா"ன்னு சாதிச்சிருவான். அதுக்காகத்தான் எல்லாப் பேரையும் ஒரே கயித்துல கட்டுறது. எத்தனை பேரு வச்சிருந்தாலும் ஆள் ஒண்ணுதான்னு சட்டம் சொல்லுது. நான் எழுதின எஃப்.ஐ.ஆர்ல இந்த 'என்கிற' விட்டுப்போய் ஒரு கேஸ்கூட தள்ளுபடி ஆனதில்ல. இன்ஸ்பெக்டர்மாரே சொல்லுவாங்க, வேலாயுதம் எழுதினா ஆள் தப்ப முடியாதுன்னு. வேலாயுதம் நாந்தான். எனக்கு ஒரே பேருதான், பாத்துக்கிடுங்க.

எங்கம்மா பேரு காந்திமதி. நெல்லையில பொறந்தவங்களுக்கு இந்தப் பேரு பஞ்சமில்லியே, அம்மன் பேரு. பொண்ணு பாக்கக் கடையத்துக்குப் போறோம், அந்தப் பொண்ணு பேரும் காந்திமதி. வீட்டுக்கு வந்து எங்கம்மா சொன்னாவ, "பொண்ணு நல்லாருக்கா. பேருதான் ஒதைக்கி." அதுக்காக நல்ல எடத்தை விட முடியுமா? கல்யாணம் ஆயிட்டு. மறுநாள் காலையில எங்கம்மா அடுக்களையில வச்சிக் கேட்டாவ, "ஏ ஐயா, என் பேரைச் சொல்லி எச்சித்தட்டை எடுன்னு சொல்லுவியோ?"

நியாயந்தான? பெத்த தாய் பேரு. அந்தப் பேரைச் சொல்லி ஒருத்தியை வையவா முடியும், வேலை ஏவவா முடியும்? நானே ஒரு பேரு வச்சேன். புஷ்பா. எப்படி? நல்லாருக்கில்ல? எங்க ஸ்டேஷனுக்கு எதுக்க புஷ்பா ஸ்டுடியோன்னு ஒண்ணு இருந்துச்சி, போர்டுல வளைச்சி வளைச்சி எழுதியிருப்பான். கல்யாண போட்டோ அங்கனதான் எடுத்தோம். எங்கம்மா ஏதாவது முத்தம்மா, பேச்சியம்மான்னுதான் வச்சிருப்பாவ. நான் குறுக்க பூந்து ஸ்டைலா வச்சேன். இன்னைக்கு வரைக்கும் யாரும் இதுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல.

அவ என்ன சொன்னாங்கீங்களா? பகல் பூராவும் வேலையைப் பாத்தா. ராத்திரி படுக்கையில மட்டும், "மதின்னாவது கூப்பிடுங்களேன், எங்க வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாவ"ன்னா. நான் சொன்னேன், "அது எங்கம்மா பேர்ல பாதில்லா?" அதுக்கு அவ, "எம் பேர்லயும் பாதிதான?" கல்யாணமாகி ரெண்டாம் நாளு, அப்பவே அவளுக்கு அந்த வாய். நான் சிரிச்சிட்டேன். பொறவு அதைப் பத்தி அவ பேசல.

நல்லவ அண்ணாச்சி. எங்கம்மாவைக் கடைசி காலத்துல அள்ளிப் போட்டது அவதான். ஒரே ஒரு குறை. கூப்பிட்டா உடனே வரமாட்டா. "புஷ்பா"ம்பேன், காதுலயே விழாது. ரெண்டாவது தடவை கூப்பிட்டா, செய்யுற வேலை நிக்கும். மூணாவது தடவைதான் "என்ன"ம்பா. கல்யாணமான புதுசுலயும் அப்படித்தான், மக காலேஜ் முடிச்ச பொறவும் அப்படித்தான். காது மந்தம்னு பாளையங்கோட்டையில ஒரு காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு என்னத்தையோ தட்டிக் காதுல வச்சி, மெஷின்ல உக்கார வச்சி, "உங்க சம்சாரத்துக்கு எதுத்த வீட்டுல குசுகுசுன்னு பேசினாக்கூட கேக்கும்"னுட்டாரு. டாக்டர்னா எல்லாம் தெரிஞ்சிருமா? தினம் கூப்பிடுதவன் எனக்குத் தெரியாதா?

எங்கம்மா போன பொறவு ஒரு நாள் கேட்டா. காய் நறுக்கிக்கிட்டே, நிமிந்துகூடப் பாக்கல. "இனிமே என்னை என் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம்லா"ன்னா. கேட்டீங்களா கதையை? உசுரோட இருக்கும்போதாவது அது ஒரு ஆளு பேரு. போன பொறவு அது சாமி பேரு ஆயிட்டுல்லா. படத்துல மாலை போட்டுக் கும்பிடுத பேரைச் சொல்லி, "ஏ காந்திமதி, காப்பி கொண்டா"ன்னு எப்படிக் கேப்பேன்? சொன்னேன். "சரி"ன்னா. அவ்வளவுதான். அன்னைக்குக் கத்திரிக்காய்ல உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு, நான் ஒண்ணும் சொல்லாமத் தின்னேன். நானும் விட்டுக்குடுத்துப் போறவன்தான்.

இது சேரன்மாதேவியா? இன்னும் நேரம் இருக்கு.

எம் மக கம்ப்யூட்டர் வேலை பாக்கா. அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்து அதுல ஈமெயில் போட்டுக் குடுத்தா. பேரு அடிக்கா, கம்ப்யூட்டரு ஏத்துக்கிட மாட்டேங்குது. இந்தப் பேருல ஏற்கெனவே ஆள் இருக்குங்குது. அதைச் சொன்னதும் எங்க வீட்டுக்காரி சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. முந்தானையை வாயில வச்சிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர. "எங்க போனாலும் எனக்கு முன்னால ஒரு காந்திமதி வந்து உக்காந்திருக்கா பாத்தியா"ன்னா. நானும் சிரிச்சேன். கம்ப்யூட்டரே வேற பேரு நாலஞ்சு காட்டி, இதுல ஒண்ணை எடுத்துக்கோன்னு சொல்லுது. நான், "புஷ்பான்னு போடேம்மா, சின்னதா இருக்கும்"னேன். அவ மகளைப் பாத்து, "வேற பேரு வேண்டாம்ட்டி. கூட என்னத்தை வேணா சேத்துக்கோ, பேரை மட்டும் விட்டுறாத"ன்னா. கடைசியில பேரோட ஊரையும் சேத்துப் போட்டுச்சி பிள்ளை. காந்திமதிகடையம். அதுல அவளுக்கு யாரு மெயில் அனுப்பப் போறா? கரண்டு பில்லுதான் வரும். ஆனா அதைத் தொறந்து தொறந்து பாப்பா. மேல அவ பேரு இருக்கும்லா, அதைப் பாப்பா போல.

ஐப்பசியில ஒரு நாள் கோலம் போட்டுக்கிட்டு இருந்தவ அப்படியே சாஞ்சிட்டா. மண்டையில ரத்தக்குழாய் வெடிச்சிட்டுன்னாங்க. ஆஸ்பத்திரியில கண்ணாடி ரூமுல போட்டிருந்தாங்க. பெரிய டாக்டர் சொன்னாரு, "பக்கத்துல போய்க் கூப்பிடுங்க, தெரிஞ்ச குரல் கேட்டா சில பேருக்கு நினைவு திரும்பும்"னு. போனேன். கூப்பிட்டேன். மூணு தடவை கூப்பிட்டேன். மூணாவது தடவை வந்துருவாள்ல, அவ பழக்கம் எனக்குத் தெரியும்லா. வரல. மறுபடியும் கூப்பிட்டேன். எத்தனை தடவைன்னு எண்ணல. புஷ்பா புஷ்பா புஷ்பான்னு. பக்கத்துக் கட்டில்காரங்க ஆளு எட்டிப் பாக்காங்க. பொம்பள மாதிரி அழுதேன் அண்ணாச்சி, உங்ககிட்டச் சொன்னா என்ன.

அங்க ஒரு நர்சுப் பிள்ளை. மார்த்தாண்டம் பக்கத்துப் பேச்சு. ட்ரிப்ஸ் மாத்த வந்தவ, கட்டில் தலைமாட்டுல எழுதியிருக்கதைப் பாத்தா. குனிஞ்சி, "காந்திமதி அம்மா, கண்ணு தொறந்து பாருங்க அம்மா"ன்னா. ஒரே ஒரு தடவை.

தொறந்துட்டா.

கண்ணைத் தொறந்து இங்கிட்டும் அங்கிட்டும் பாக்கா. யாரையோ தேடுதா. எனக்குப் புரிஞ்சிட்டு, அத்தையை யாரோ கூப்பிடுதாங்கன்னு நெனச்சிட்டா. பாவம், அந்த நெலமையிலயும் மாமியார் பயம். நான் குனிஞ்சி, "அத்தை இல்ல புஷ்பா, நான்தான்"னேன். என்னைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. பொறவு கண்ணை மூடிட்டா.

மூடினவதான்.

எனக்கு அந்த நர்சுப் பிள்ளை மேல இன்னும் கோவம் உண்டு. நல்ல பிள்ளைதான், இருந்தாலும் அப்படியா காதுக்குள்ள போய்க் கூப்பிடுறது? அந்தக் குரல்ல நான் கூப்பிட்டிருந்தா எனக்கும் தொறந்திருப்பா. சங்கரிகிட்டச் சொன்னேன். அவ எந்திரிச்சி வெளிய போயிட்டா.

பொறவுதான் இந்த 'என்கிற' வந்துச்சி. வாரிசு சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போனேன். இறப்புச் சான்றுல காந்திமதின்னு இருக்கு. என் சர்வீஸ் புக்குல மனைவி பேரு புஷ்பா. நான்தான் எழுதினேன், என் கையெழுத்து. பாத்துட்டு அந்தச் செக்சன் பொண்ணு டக்குடக்குன்னு தட்டி அச்செடுத்து நீட்டுது. 'காந்திமதி என்கிற புஷ்பா.' எனக்கு வந்துச்சி பாருங்க கோவம்! எம் பொண்டாட்டி என்ன கேடி லிஸ்ட்லயா இருந்தா? எந்தக் கேஸ்ல ஏ ஒன் குத்தவாளி அவ? சத்தம் போட்டுட்டேன். அந்தப் பொண்ணு பதறல. "சார், ரெண்டு பேரு நாங்க வைக்கல. இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு தெரிஞ்ச சாட்சி ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க"ன்னுச்சி.

சாட்சிதான? எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன் வாழ்க்கையில. தெருவுல கேட்டேன். பக்கத்து வீட்டு டீச்சரு அவகூடவே கோயிலுக்குப் போறவங்க, "புஷ்பாக்காவைத் தெரியும். காந்திமதின்னா உங்க அம்மால்லா?"ங்காங்க. பால்காரன், தையல்காரி, எல்லாரும் அதே பாட்டு. சரின்னு கடையத்துக்குப் போனேன். அங்க பூராவும் மதியைத் தெரியும், காந்திமதியைத் தெரியும். புஷ்பான்னா யாருன்னு கேக்காங்க. ரெண்டும் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்கூட இல்ல அண்ணாச்சி. கல்யாணத்துக்கு வந்தவங்க, வளைகாப்புக்கு வந்தவங்க, ஒருத்தர்கூட.

கடைசியில அவ அண்ணனும் அவரு சம்சாரமும் வந்து ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டாங்க. அண்ணன் பேனாவை மூடிக்கிட்டே சொன்னாரு, "நாங்க எங்க மதியைக் கட்டிக்குடுத்தோம். நீங்க யாரு கூடக் குடும்பம் நடத்தினீங்கன்னு எங்களுக்குத் தெரியல மாப்ள." பாத்தீங்களா பேச்சை? துக்க வீட்டுக்காரன்கிட்டப் பேசுற பேச்சா இது? வயசுல மூத்தவருன்னு விட்டுட்டேன்.

வெளிய மரத்தடியில உக்காந்திருந்தேன். கூட வந்திருந்த சங்கரி கையைப் பிடிச்சிக்கிட்டுச் சமாதானம் சொன்னா. "அப்பா, அந்த 'என்கிற' குத்தவாளிக்கு மட்டும் உள்ளது இல்லப்பா. கம்ப்யூட்டர்லயும் அப்படி உண்டு. உள்ள எங்கயோ அசல் ஃபைல் இருக்கும். நம்ம வசதிக்கு வெளிய அதுக்கு ஒரு குறும்பேரு வச்சிருப்போம். அந்தக் குறும்பேரை அமுக்கினா நேரா அசல் தொறந்துரும்"னா. நல்ல ஏற்பாடுதான, நம்ம சட்டம் மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன். சும்மா இருந்திருக்கலாம். "அசல் அழிஞ்சிட்டுன்னா?"ன்னு கேட்டுட்டேன். "குறும்பேரு அப்படியே திரையில நிக்கும்ப்பா. அமுக்கினா ஒண்ணும் தொறக்காது"ன்னா. சொல்லிட்டு எந்தோள்ல சாஞ்சி அழுதா. நானும் அழுதேன். தாலுகா ஆபீஸ்ல அழுறவங்க நெறைய பேரு, யாரும் கண்டுக்கல.

வீரவநல்லூரு தாண்டியாச்சா? பேச்சுல தெரியல பாருங்க.

பதினாறாம் நாளு காரியத்துக்கு நான் புஷ்பான்னுதான் சொன்னேன். எனக்கு வேற என்ன தெரியும்? அன்னைக்கிருந்து தினம் மதியம் மொட்டைமாடியில ஒரு பிடி சோறு வைக்கேன். காக்கா வரும். ஆனா உடனே வராது. மூணு தடவை கூப்பிட்டாத்தான் அந்தத் தண்ணித் தொட்டிமேல இருந்து இறங்கும். அவ புத்தி அப்படியே. சங்கரிகிட்ட இதைச் சந்தோசமாத்தான் சொன்னேன். அவ கேட்டா, "அம்மா கடைசியா எந்தப் பேருக்குக் கண்ணைத் தொறந்தாப்பா?" பதில் சொல்லுங்கப்பா, பதில் சொல்லுங்கப்பான்னு போன்லயே நிக்கா.

சரி, அவ சொல்லுற மாதிரியே காந்திமதின்னு கூப்பிடுதேன்னு வைங்க. அதுல ஒரு சிக்கல் இருக்கு, அது அவளுக்குத் தெரியல. வருசா வருசம் தை அமாவாசைக்கு அதே படித்துறையில, அதே ஐயருகிட்ட, காந்திமதின்னு சொல்லித்தான் எங்கம்மாவைக் கூப்பிடுதேன். இன்னைக்கும் அதே பேரைச் சொன்னா யாரு வருவா? எங்கம்மாதான் முதல்ல வந்து எலைக்கு முன்னால உக்காருவாவ. மகன் கூப்பிடுதான்னு ஆசையா வருவாவ, வேண்டாம்னு சொல்ல முடியுமா? எங்கம்மா வந்து உக்காந்துட்டா இவ உக்காரவே மாட்டா. பின்னால சொவரு ஓரமா நிப்பா. அவங்க சாப்பிட்டு எந்திரிச்ச பொறவு மிச்சம் இருந்தாத்தான் இவ. எங்க வீட்ல அப்படியே பழகிட்டா. தலைத்திவசத்துலயாவது அவ முதல் எலையில உக்காந்து சாப்பிட வேண்டாமா?

மதின்னு கூப்பிடலாமேங்கீங்களா? அதுவும் நெனச்சேன். அந்தப் பேரு என்கிட்ட ஒரே ஒரு தடவை கேட்டா, குடுக்கல. இப்ப அதைச் சொல்லிக் கூப்பிட்டா, யாரோ கடையத்து ஆளுக கூப்பிடுதாங்கன்னு அந்தப் பக்கமாப் போயிருவா.

இன்னொரு கஷ்டமும் இருக்கு. உங்ககிட்ட இத்தனை தடவை சொல்லிட்டேன் பாருங்க, காந்திமதி காந்திமதின்னு. விவரமாச் சொல்லணும்னா சொல்லிருவேன், ஸ்டேஷன்ல வாக்குமூலம் எழுதுற மாதிரி. கூப்பிடத்தான் வரல. நேத்து வீட்ல ஆளில்ல, பாத்ரூம்ல குழாயைத் தொறந்து விட்டுட்டு, அவளைக் கூப்பிடுத மாதிரி கூப்பிட்டுப் பாத்தேன். காந்தின்னு வாய் தொறக்குது, மிச்சப் பாதி வர மாட்டேங்குது. ஒரு வாளி நெறஞ்சி வழிஞ்சிட்டு. வழிஞ்ச தண்ணியைக் கோரி ஊத்திட்டு வந்து உக்காந்தேன்.

எறங்குவோமா? விக்கிரமசிங்கபுரம் தாண்டிட்டு, இந்தா பாபநாசம் வந்தாச்சு. அந்தா மலை தெரியுது. ஆத்துல தண்ணி நல்லா வருது, சத்தம் கேக்கா? பஸ் ஸ்டாப்புல நீலச் சுடிதார் போட்டு நிக்கா பாருங்க, அவதான் சங்கரி. அவ அம்மா மாதிரியே நிப்பா, ஒரு காலை மடக்கி.

நீங்க சோலியா வந்திருப்பீங்க, நேரமாச்சுன்னா சொல்லிருங்க. ஆனா ஒரு அஞ்சு நிமிசம் என்கூடப் படித்துறைக்கு வர முடியுமா? ஒண்ணும் செய்ய வேண்டாம், தண்ணியில இறங்கக்கூட வேண்டாம். ஐயரு கேக்கும்போது நீங்க எம் பின்னால நின்னு அவளைக் கூப்பிடணும். எங்கம்மாவுக்கு உங்க குரல் தெரியாது, அவங்க வரமாட்டாவ. காந்திமதின்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டாப் போதும், சத்தமாக்கூட வேண்டாம். வேத்தாளு கூப்பிட்டா அவ உடனே வந்துருவா. அவ ஒரு வருசமாச் சாப்பிடல அண்ணாச்சி.